தண்டச்சோறு என்ற எண்ணத்தை எதிர்கொள்வது எப்படி?

வேலை இழந்தவருக்கு முதல் கூச்சம் பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் வருகிறது. அம்மா இன்னொரு தோசையை வைக்க வரும்போது, பசி அடங்காமலே போதும் என்று கையால் மறிக்கிறோம். 'தண்டச்சோறு' என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்காவிட்டாலும், உத்தியோகம் புருஷ லட்சணம் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது தானாகவே கேட்கிறது. வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிய பெண்களுக்கும் இதே நிலைதான்.

இந்த உணர்வை மொத்தமாகச் சுமக்காமல் ஒரு தாளில் பிரித்து எழுதிப் பாருங்கள். நான் செய்த தவறு என்ன என்று கேட்டுக்கொண்டால், சேமிக்காமல் செலவழித்தது, விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போட்டது என ஒன்றிரண்டு வரலாம். அவற்றுக்குப் பரிகாரம் உண்டு. அதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது உங்கள் தவறுகளின் பட்டியலில் சேராது. மிஞ்சி நிற்பது ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம் மட்டுமே. அதற்கு நீங்கள் பரிகாரம் தேட வேண்டியதில்லை.

ஊக்கம் குறைவதைச் சோம்பல் என்று எண்ணுவது தவறு. ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற சிற்றூரில் இருந்த நெசவாலை மூடப்பட்ட பிறகு, சமூக உளவியலாளர் மரீ யஹோதாவும் அவருடைய குழுவினரும் 1930களின் தொடக்கத்தில் அங்குள்ள மக்களின் அன்றாட வாழ்க்கையை ஆராய்ந்தார்கள். பகல் முழுவதும் ஓய்வு கிடைத்தும், நூலகத்தில் கட்டணம் நீக்கப்பட்டும், அங்கே இரவல் பெறப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. சம்பளத்தோடு நாளின் ஒழுங்கு, மனிதர்களோடு பழகும் வாய்ப்பு, பொது நோக்கம் ஆகியவற்றையும் வேலை தந்துவந்தது என்பதை யஹோதா பின்னாளில் விளக்கினார். ஆகவே நாம் முதலில் மீட்க வேண்டியது நாளின் ஒழுங்கைத்தான்.

வேலை தேடுவதற்குக் காலை 10 மணி முதல் 1 மணி வரை என நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் கவனமாகத் திருத்திய இரண்டு விண்ணப்பங்கள், முன்னாள் சக ஊழியர் ஒருவருக்குத் தொலைபேசி அழைப்பு என உங்கள் கையில் இருப்பதை மட்டும் கணக்கிடுங்கள். பதில் வருவதும் வராததும் அந்தக் கணக்கில் வேண்டாம். ஒரு மணிக்கு மடிக்கணினியை மூடிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திறக்கவே கூடாது. நாள் முழுக்கத் தேட வேண்டும் என்று நினைப்பவருக்குத் தூங்கும் நேரம்கூடத் திருடிய நேரமாகப் படுகிறது. எல்லை வகுத்தவரோ மாலையில் ஒரு படத்தை உறுத்தலின்றிப் பார்க்க முடிகிறது. என் அனுபவத்தில் குற்றவுணர்வை இதைவிட அதிகமாகக் குறைத்தது வேறெதுவும் இல்லை.

மனசு வரட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்றே செயலை முன்னால் வைத்து, மனநிலையைப் பின்னால் வரவிடுகிறது. எட்டு மணிக்குள் குளித்துவிடுவது, பத்தே நிமிடம் ரெஸ்யூமைத் திறந்து ஒரு வரியைத் திருத்துவது என்ற அளவு போதும். வீட்டில் ஓடவில்லை என்றால் கிளை நூலகத்தில் போய் உட்காருங்கள். அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்குப் போகலாம். வகுப்புகள் இலவசம், பேச்சுத்துணையும் கிடைக்கும்.

வீட்டில் கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்பதை ஒருமுறை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்; மறைத்து வைத்த தொகைதான் இரவில் விழிக்க வைக்கிறது. ரேஷன் வாங்குவது, மின்கட்டணம் கட்டுவது போல ஏதாவது ஒரு பொறுப்பை உங்களுடையதாக ஏற்றுக்கொள்ளுங்கள். சும்மாதானே இருக்கிறாய் என்று கூப்பிடுகிற வேலைகளுக்கெல்லாம் ஓடினால் அந்த மூன்று மணி நேரம் காணாமல் போய்விடும் என்பதால், அதையும் கனிவாகச் சொல்லிவிட வேண்டும். கல்யாண வீட்டில் விசாரிக்கும் சித்தப்பாவுக்கு, "தேடிக்கொண்டிருக்கிறேன், தெரிந்த இடம் இருந்தால் சொல்லுங்கள்" என்ற ஒரே பதில் போதும். சில சமயம் உண்மையாகவே இடம் சொல்லிவிடுகிறார்கள்.

மிகையான குற்றவுணர்வு மனச்சோர்வு நோயின் அடையாளங்களில் ஒன்று. தூக்கமும் பசியும் குலைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். நான் இல்லாவிட்டால் வீட்டுக்குப் பாரம் குறையும் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும், இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே அருகில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். இரவானாலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.