சோளகத்துக்கை பிந்தாமல் ஓடினது

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியிலை விடிய வெளிக்கிட்டு, ஏ9 வீதியாலை ஆனையிறவு போய்த் திரும்புற வேகமான சைக்கிள் கூட்டத்தோடை ஆடிப் பிறப்புக்குப் பிறகு சேர்ந்தனான். போகேக்கை சோளகக் காத்து முதுகிலை தள்ளும், சுகம். திரும்பேக்கை அது எதிர்க்காத்து, பரந்தன் தாண்டினதும் பிந்தித் தனிச்சுப்போவன். மூண்டு கிழமையும் அதே கதை.

முதல் சீற்றைப் பாத்தன். பெடல் அடியிலை நிக்கேக்கை குதியை வைச்சால் கால் நேராய் நிமிர வேணும். எனக்கு முழங்கால் நல்லாய் மடிஞ்சு நிண்டது. உயர்த்தினன். ரயருக்கும் காத்தடிச்சன்.

ஆனால் உண்மையான பிழை நான் நிண்ட இடம். கூட்டத்திலை வாற அண்ணை ஒருத்தர், "தம்பி, காத்து வலப்பக்கத்தாலை வருது, நீ ஏன் வலப்பக்கமே நிக்கிறாய்?" எண்டு கேட்டார். சோளகம் தென்மேற்கிலையிருந்து வாறது. திரும்பித் தெற்கை பாத்து ஓடேக்கை, முன்னாலை போறவருக்குப் பின்னாலை கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கினால் அவரின்ரை உடம்பு காத்தை மறைக்கும். ஒரு சில்லளவு இடைவெளி விட்டன். அவரின்ரை பின்சில்லுக்குப் பக்கத்திலை எங்கடை முன்சில்லை நுழைக்கவே கூடாது. உரசினால் விழுறது பின்னாலை வாறவன்தான். கரடிப்போக்குச் சந்தியிலை பஸ் ஒதுங்கும், மாடு குறுக்கிடும். முன்னுக்குப் போறவர் கை காட்டினால் உடனை பின்னுக்கு வாறவைக்குக் கத்திச் சொல்ல வேணும்.

போன ஞாயிறு கூட்டத்தோடையே வந்து கோயிலடியிலை இறங்கினன்.