முயலும் கினி பிக்கும் நாலு நாள் நம் வீட்டில் தங்கும்போது

மே மாத லீவு விட்டால் புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். "அக்கா, நாலு நாள்ல வந்துடறோம், இதைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று முயலையோ, எலி இனத்தைச் சேர்ந்த கினி பிக்கையோ கூண்டோடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். தீனி எப்போது, எவ்வளவு என்று சீட்டில் எழுதித் தருகிறவர்கள்கூட கூண்டை எங்கே வைக்க வேண்டும் என்று எழுதுவதில்லை. எனக்குத் தெரிந்தவரை பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் சரி என்று சொல்வதற்கு முன்பே உங்கள் வீட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

முதல் எதிரி வெயில். முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடும். கினி பிக்குக்கு அந்தக் காதும் சின்னது. 20 டிகிரி பக்கம் இருந்தால் இரண்டும் சுகமாக இருக்கும், 28-ஐத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். புதுச்சேரியில் அக்னி நட்சத்திரத்தின்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மொட்டை மாடியும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட இடமும் வேண்டவே வேண்டாம். மேற்கு பார்த்த பால்கனி இன்னும் மோசம், ஏனென்றால் காலையில் அது நல்ல நிழலாக இருக்கும், நம்பிக் கூண்டை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள், மூன்று மணிக்கு வெயில் நேராகக் கூண்டுக்குள் இறங்கும்போது வீட்டில் ஆள் இருக்காது. முந்தின நாளே மணிக்கு ஒரு தரம் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். கீழ்த்தளத்தில் காற்றோட்டமான உள் அறைதான் நல்லது.

கூண்டுக்குள் ஒரு துண்டு கடப்பா கல் போட்டு வையுங்கள், முயல் தானாகவே அதன்மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைக்கலாம், வேண்டும்போது அதுவே ஒட்டிக்கொள்ளும், குளிர்ந்தால் நகர்ந்துவிடும். ஈரச் சாக்கைத் தொங்கவிடுவது பலருக்குப் பழக்கம், ஆனால் நம் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். ஃபேன் ஓடாத அறையில் ஈரச் சாக்கு புழுக்கத்தைத்தான் கூட்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், எச்சில் வழிந்தால், காது கொதித்தால் அது வெப்ப அதிர்ச்சி. ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். சாதாரணத் தண்ணீரால் காதையும் பாதத்தையும் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். குரும்பபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வழியையும் நேரத்தையும் பிராணி வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ராத்திரி. முதல் வருடம் நான் ஒரு வெள்ளை முயலை கிரில் போட்ட வராண்டாவில் வைத்திருந்தேன், பூட்டு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரண்டு மணிக்குத் தொம் தொம்மென்று சத்தம் கேட்டு எழுந்து போனால், கூண்டின்மேல் ஒரு தெருப்பூனை உட்கார்ந்திருந்தது. முயல் மூலையில் ஒடுங்கிப் பின்காலால் தரையை அடித்துக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, நானும் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் புல்லைத் தொடவில்லை, மதியம் வரை ஒரு புழுக்கைகூடப் போடவில்லை. பயத்திலேயே குடல் நின்றுபோயிருந்தது. மருத்துவரிடம் கொண்டுபோய், ஊசி போட்டு, சிரிஞ்சில் கூழ் புகட்டி, அது மறுபடி ஒரு அருகம்புல்லைக் கடிப்பதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. பூனை உள்ளே வர முடியாது என்பது போதாது, முயல் கண்ணில் படாமலும் இருக்க வேண்டும். ராத்திரி கதவு மூடுகிற அறைக்குள் வைத்துவிடுங்கள்.

வேறு வழியில்லாமல் வெளியே வைத்தால் கோழி வலையை நம்பாதீர்கள். பெருச்சாளி அதைக் கடித்துவிடும், பாம்பு அந்த ஓட்டையில் நுழைந்துவிடும். கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த அரை அங்குல வெல்டு மெஷ்தான் வேண்டும், கூண்டின் அடியிலும் சேர்த்து. கீரிப்பிள்ளை நடமாடும் தெரு என்றால் கொக்கிக்குக் கூடவே ஒரு சின்னப் பூட்டும் போடுங்கள். கூண்டுக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது.

முயலும் கினி பிக்கும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரே கூண்டில் போட்டுவிடாதீர்கள், கடையில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். முயலின் ஒரு உதை கினி பிக்கின் எலும்பை உடைத்துவிடும். முயலுக்கு ஒன்றும் செய்யாமல் அதன் மூக்கில் இருக்கும் பார்டடெல்லா என்ற கிருமி கினி பிக்குக்கு நிமோனியாவைக் கொண்டுவரும். முடிந்தால் வேறு வேறு அறை. இரண்டு வீட்டு முயல்களையும் சேர்க்க வேண்டாம். சண்டையில் தோல் கிழிந்துவிடும், இல்லையென்றால் ஒரு மாதத்தில் குட்டி. ஆனால் ஒரே வீட்டில் ஜோடியாக வளர்ந்தவை வந்தால் பிரிக்காதீர்கள்.

வந்த கூண்டின் தரை கம்பியாக இருந்தால் அதன்மேல் செய்தித்தாளும் பழைய பருத்திப் புடவையும் மடித்துப் போடுங்கள், கம்பியில் நின்று நின்று பாதம் புண்ணாகிவிடும். சாயம் போடாத கோரைப்பாய்த் துண்டும் போடலாம், கடித்தாலும் பரவாயில்லை. தச்சுப்பட்டறைத் தூளை வாங்காதீர்கள், பிளைவுட் பசையும் தூசியும் மூச்சுக்குக் கெடுதல். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி கட்டாயம் வேண்டும், இரண்டு பக்கமும் வாசல் வெட்டி. இரண்டு கினி பிக் என்றால் இரண்டு பெட்டி. பகலில் வெளியே விடும்போது முயலுக்கு மூன்று அடிக்குக் குறையாத தடுப்பு, கினி பிக்குக்கு ஒன்றரை அடி போதும். சார்ஜர் வயரை எல்லாம் மேலே எடுத்துவிடுங்கள். அரளித் தொட்டி இருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள், அது உயிரை எடுத்துவிடும்.

தீனி அவர்கள் வீட்டில் கொடுப்பதுதான், புதுசாக எதையும் தொடங்க வேண்டாம். பூக்கடையில் பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல்லைக் கழுவி ஈரம் உலர்த்திக் கொடுக்கலாம், ரோட்டோரம் நாய் நடமாடும் இடத்தில் பறித்தது வேண்டாம். கினி பிக்கின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானாகச் செய்துகொள்ளாது, அதனால் தினமும் ஒரு சின்னக் கீற்று கொய்யா.

மழைக்காலம் என்றால் கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்ப் பக்கம் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மேஜைமேல் வையுங்கள், தூக்கிக்கொண்டு மாடி ஏற ஒரு மூடி போட்ட கூடையும் பக்கத்தில் இருக்கட்டும். ஈரத்தில் ஈ மொய்க்கும். பின்பக்க முடியில் அசிங்கம் ஒட்டியிருந்தால் அங்கேயே முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும், அதனால் காலையும் மாலையும் தூக்கிப் பார்த்துவிடுங்கள். தூக்கும்போது காதைப் பிடிக்காமல், ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழே.

இவை நோயை வெளியே காட்டாது, சுருண்டு விழுகிற வரைக்கும் ஒன்றுமில்லாததுபோல் உட்கார்ந்திருக்கும். காட்டிக்கொடுப்பது புழுக்கைதான். தினமும் காலையில் செய்தித்தாளை மாற்றும்போது எவ்வளவு, என்ன அளவு என்று கவனியுங்கள். சின்னதாகி, குறைந்துகொண்டே வந்தால் அன்றைக்கே மருத்துவர். 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக்கைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது இவற்றின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று உயிரையே வாங்கிவிடும். முயல் தன் பின்பக்கம் குனிந்து பளபளவென்று கொத்தாக எதையோ தின்பதைப் பார்த்தால் மட்டும் பயப்படாதீர்கள், அது குடலிலிருந்து வரும் மென்மையான, சத்துள்ள புழுக்கை, அதன் இரண்டாவது சாப்பாடு.

அவர்கள் ஊரிலிருந்து வந்து கூட்டிப்போகும்போது கடைசி நாள் செய்தித்தாளை எடுத்துக் காட்டிவிட்டு, அடுத்த இரண்டு நாள் புழுக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள், திரும்பிப் போவதும் அதற்கு ஒரு பயணம்தான்.