மவுஸ் ஓரிடம், கிளிக் வேறிடம்: இரட்டை மானிட்டர் லினக்ஸில் ரிமோட் டெஸ்க்டாப்

ஆபீஸில் இரண்டு மானிட்டர் மாட்டிய உபுண்டு கம்ப்யூட்டர், வீட்டில் லேப்டாப், நடுவில் ரெம்மினா என்ற ரிமோட் இணைப்பு மென்பொருள். இணைப்பு கிடைக்கிறது, படமும் சுத்தமாக வருகிறது. ஆனால் அம்பு ஓரிடத்தில் நிற்க, கிளிக் வேறிடத்தில் விழுகிறது. எனக்கு இது எப்படிச் சரியானது என்று எழுதுகிறேன். ரிமோட் இணைப்பை அமைக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: என்ன பிசகு என்று பாருங்கள்

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஆபீஸ் டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். மெனு எங்கே முளைக்கிறதோ, அங்கேதான் அம்பு இருப்பதாக அந்தக் கம்ப்யூட்டர் நினைக்கிறது. இடது மேல் மூலை அருகே ஒரு முறை, நடுவில் ஒரு முறை, வலது பக்கம் ஒரு முறை பாருங்கள். விளிம்பை ஒட்டி மட்டும் வேண்டாம். அங்கே இடம் போதாமல் மெனு தானாகவே நகர்ந்துகொள்ளும்.

வலப்பக்கம் போகப் போக விலகல் கூடினால் கோளாறு ஸ்கேலில், அதாவது திரையில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் அளவில். 125% ஸ்கேலில் 100-வது பிக்சலில் வைத்தது 125-இல் விழும், 1000-இல் வைத்தது 1250-இல் விழும். எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகினால் கோளாறு மானிட்டர்களின் வரிசையில்.

படி 2: ஸ்கேல்

ஆபீஸ் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளேஸ் போய் ஃப்ராக்ஷனல் ஸ்கேலிங்கை (125% போன்ற பின்ன அளவுகளை) அணையுங்கள். இரண்டு மானிட்டருக்கும் 100% வையுங்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அப்ளை கொடுத்ததும் 'கீப் சேஞ்சஸ்' கேட்டு 20 விநாடி எண்ணத் தொடங்கும். அதற்குள் அழுத்தாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அம்புதான் சரியில்லையே, பிறகு எப்படி அழுத்துவது? மவுஸை விட்டுவிடுங்கள். எந்தப் பொத்தானைச் சுற்றிக் கோடு இருக்கிறது என்று பார்த்து, தேவையானால் டேப் கீயால் நகர்ந்து, என்டர் தட்டுங்கள்.

இதற்குப் பிறகும் விலகினால் லேப்டாப்பின் ஸ்கேலையும் 100% ஆக்கிப் பாருங்கள்.

படி 3: வரிசை

அதே பக்கத்தில் இரண்டு மானிட்டரின் மேல் விளிம்பும் ஒரே கோட்டில் வருமாறு இழுத்து வையுங்கள். 1920×1080-க்குப் பக்கத்தில் 1280×1024 இருந்தால் மொத்தப் பரப்பு 3200×1080. சின்ன மானிட்டருக்குக் கீழே 56 பிக்சல் உயரத்துக்கு ஒன்றுமே இல்லை. அம்பு அங்கே போகாததைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், வீட்டிலிருந்து வேலை செய்யும்போது 'சிங்கிள் டிஸ்ப்ளே' வைப்பதே நல்லது. இரண்டு மானிட்டரை லேப்டாப் திரையில் நசுக்கினால் எழுத்தைப் படிக்கவே கண் வலிக்கும். எக்ஸ்11விஎன்சி (விஎன்சி என்ற ரிமோட் முறையில் திரையை அனுப்பும் மென்பொருள்) பயன்படுத்துபவர்கள் அதன் கிளிப் ஆப்ஷனைக் கொடுத்து ஒரு மானிட்டரை மட்டும் அனுப்பலாம்.

படி 4: செஷன்

எக்ஸ்11விஎன்சிக்கு எக்ஸ்ஆர்க் (லினக்ஸில் திரையை இயக்கும் ஒரு மென்பொருள்) கட்டாயம். ஆபீஸ் கம்ப்யூட்டரின் லாகின் திரையில் பெயரைக் கிளிக் செய்து, கீழே வரும் பல்சக்கரத்தில் 'உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்' எடுங்கள். இதை நேரில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்; லாகவுட் ஆனதும் அந்த இணைப்பு அறுந்துபோகலாம்.

பின்சேர்க்கை: பல்சக்கரத்தில் அந்த வரியே இல்லை என்று கேட்டிருந்தார்கள். உபுண்டு 25.10-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதில் உள்ளேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்து, ரெம்மினாவில் ஆர்டிபி (விஎன்சி போல இன்னொரு ரிமோட் முறை) வழியாக வாருங்கள். இப்போது நானும் அதையே விரும்புகிறேன்.

விஎன்சியில் அம்பு இரண்டாகத் தெரிந்தால் ரெம்மினாவில் 'ஷோ ரிமோட் கர்சர்' டிக்கை எடுங்கள். ரெம்மினாவுக்குப் பதில் டைகர்விஎன்சியின் பழைய பதிப்பு வைத்திருந்து, அதில் அம்பே தெரியாவிட்டால் 'ஷோ டாட் வென் நோ கர்சர்' டிக் போடுங்கள். ஒரு புள்ளியாவது தெரியும்.