குல்மார்க்: கயிற்றைத் தாண்டிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்கில், இரண்டாம் கட்ட கோண்டோலா (கம்பிவட ஊர்தி) அபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. டிக்கெட் எடுத்து, உட்கார்ந்தபடியே வந்து சேர்வதால் அது ஆபத்தான இடமாகவே தோன்றாது. ஆனால் பனிச்சறுக்கு ரோந்துக் குழு வெடிவைத்துப் பனியை முன்கூட்டியே சரியவைப்பது கோண்டோலாவை ஒட்டிய சரிவில் மட்டும்தான். அந்தச் சரிவின் எல்லைக் கயிற்றைத் தாண்டினால் உங்கள் பாடு.

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது நீல வானத்தைப் பார்த்துத்தான். 2023 பிப்ரவரி 1 அன்று இங்கே பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர். இரண்டுமே பெரும் பனிப்பொழிவு ஓய்ந்த கையோடு நடந்தவை. புதுப்பனி பழைய பனியோடு ஒட்டிக்கொள்ள அவகாசம் வேண்டும். முதல் 24 முதல் 48 மணி நேரம் மிக மோசம். பனி நின்ற பிறகும் காற்று சும்மா இருக்காது, முகட்டுக்கு அந்தப்பக்கம் பனியை வாரிக் குவித்துக்கொண்டே இருக்கும்.

சரி, இரண்டு நாள் பொறுத்தால் போதுமா? அதுவும் எப்போதும் சரிவராது. குளிர்காலத் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனி, கடுங்குளிரில் ரவை போல உதிரி உதிரியாக மாறிவிடும். அதன்மேல் கெட்டியான பலகைபோல் பனி படிந்தால், வாரக்கணக்கில் ஒரு ஆளின் எடைக்காகக் காத்திருக்கும். பனிச்சரிவில் சிக்குபவர்களில் மிகப் பெரும்பாலோர், தாங்களோ உடன் வந்தவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். கத்தினால் பனி சரியும் என்பதெல்லாம் சினிமா.

செங்குத்தான இடம்தான் ஆபத்து என்று நினைப்பதும் தவறு. மிகச் செங்குத்தான இடத்தில் பனி அவ்வப்போது உதிர்ந்துவிடும். பலகைப் பனி அதிகம் உடைவது 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில், அதாவது சறுக்க ஆசைவரும் அதே சரிவுகளில். கண்ணளவை நம்பாதீர்கள், போனில் சாய்வு காட்டும் செயலி இருக்கிறது, அதில் பாருங்கள். நீங்கள் நிற்பது சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேலே அப்படியொரு சரிவு இருந்தால் அங்கே டீ குடிக்க உட்கார வேண்டாம்.

“முன்னாடி அஞ்சு பேர் போயிட்டாங்களே” என்பது இன்னொன்று. அவர்கள் மிதித்தது கெட்டியான பகுதியாக இருக்கலாம். ஆறாவது ஆள் பனி மெலிந்த ஓரத்தில் மிதித்தால் மொத்தமும் கிளம்பிவிடும். சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும், மற்றவர்கள் ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும். காலடியில் ‘தொம்’மென்று பனி அமுங்கும் சத்தம் கேட்டாலோ விரிசல் ஓடினாலோ, விவாதமே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

அப்புறம் கருவிகள். புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் டிரான்ஸ்சீவர், குத்திப் பார்க்கும் நீளக்கம்பி, உலோக மண்வெட்டி: இந்த மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் தேறுவதே பெரிது. கீழிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது, உடன் வந்தவர்தான் தோண்ட வேண்டும். டிரான்ஸ்சீவர் வாடகைக்கு எடுத்ததென்றால் பேட்டரி அளவைப் பார்த்து, ஒன்றை ஒளித்துவைத்துத் தேடிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். போனை டிரான்ஸ்சீவர் இருக்கும் பையிலேயே சொருகாதீர்கள், அதன் சிக்னலைக் கெடுக்கும். குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும், தேடும்போது 50.