டிவிடி ஓடவில்லை என்று பிளேயர் மேல் பிளேயராக இறக்காதீர்கள்

போன மாதம் சித்தப்பா போன் செய்தார். "டேய், கல்யாண டிவிடி ஓட மாட்டேங்குதுடா, நாலு பிளேயர் போட்டுப் பாத்துட்டேன்." நேரில் போய்ப் பார்த்தால் நாலு இல்லை, ஏழு. டெஸ்க்டாப் முழுக்க விதவிதமான ஐகான்கள், போதாக்குறைக்கு பிரவுசரின் முகப்பு மாறி, பெயரே கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. டிவிடி மட்டும் ஓடவில்லை. ஓடாது, ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது சிடி டிரைவ்.

சிரிக்காதீர்கள், நிறையப் பேர் வீட்டில் இதுதான் கதை. கம்ப்யூட்டருக்குள் மற்றதெல்லாம் இரண்டு தடவை மாறியிருக்கும், டிரைவ் மட்டும் முதலில் வாங்கியதே இருக்கும். "போன வருஷம்கூடப் படம் ஓடுச்சே" என்று சித்தப்பா அடித்துச் சொன்னார், அதுவும் உண்மைதான், ஓடியது விசிடி. 2007 வாக்கில் மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் போட ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்கு வீடு இரண்டும் ஒரே அட்டைப்பெட்டியில் கலந்துதான் கிடக்கின்றன, பார்ப்பதற்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். விசிடி என்பது சாதாரண சிடிதான், 700 எம்பி. டிவிடியில் ஒரு அடுக்கிலேயே 4.7 ஜிபி, அதைப் படிக்க வேறு லேசர் வேண்டும். டிரைவின் தட்டில் டிவிடி என்ற முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் ஆகாது. இதே கணக்குதான் புளூ-ரே டிஸ்க்குக்கும், அதை டிவிடி டிரைவில் போட்டால் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, டிரைவ் டிவிடிதான், டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே ஃபோல்டர்கள்கூடத் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை என்றால்? அது பெரும்பாலும் விண்டோஸ் விவகாரம். டிவிடி படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கி வைக்கப்பட்டது, அதை விரித்துக் காட்டும் டிகோடருக்கு அந்தக் காலத்தில் காப்புரிமைக் கட்டணம் இருந்தது. விண்டோஸ் 7-இல் ஹோம் பிரீமியம் முதல் மேலே உள்ள பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்த்தே கொடுத்தது. நம் ஊரில் லேப்டாப்போடு நிறைய வந்த ஹோம் பேசிக்கில் கிடையாது, ஸ்டார்ட்டரிலும் கிடையாது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது எல்லோருக்குமே எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 10-க்கு அவர்களே ஒரு டிவிடி பிளேயரை ஸ்டோரில் விற்றார்கள், அமெரிக்க விலை 14.99 டாலர். ஆக, விண்டோஸ் மாற்றிய பிறகு டிவிடி ஓடவில்லை என்றால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை, அந்த டிகோடர் உள்ளே இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் ஆட்கள் கூகுளில் "டிவிடி பிளேயர் ஃப்ரீ டவுன்லோடு" என்று அடித்து, முதலில் கண்ணில் படும் பச்சை நிறப் பெரிய பட்டனை அழுத்துகிறார்கள். அது பெரும்பாலும் விளம்பரம். அதிலிருந்து வரும் இன்ஸ்டாலர் ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது ஒன்றை டிக் போட்டே வைத்திருக்கும், நாமும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போய்க்கொண்டே இருப்போம். சித்தப்பா வீட்டுப் பிரவுசர் மாறியதும் இப்படித்தான்.

பெரும்பாலானவர்களுக்கு விஎல்சி என்ற பிளேயர் ஒன்றே போதும். பாரிஸில் எக்கோல் சென்ட்ரால் என்ற பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது, 2001-இல் இருந்து இலவச, திறந்தமூல மென்பொருள். டிகோடர் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் வீடியோலேன் டாட் ஆர்க் என்ற அவர்கள் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். விஎல்சியின் அடையாளமான அதே ஆரஞ்சுக் கூம்பு படத்தைப் போட்டு வேறு சரக்கை ஒட்டிக் கொடுக்கும் தளங்கள் உண்டு. விஎல்சிக்குக் காசு கேட்டால் அங்கேயே நகர்ந்துவிடுங்கள். அப்புறம் இந்த கோடெக் பேக், அதாவது பல வகை வீடியோக்களை விரித்துக் காட்டும் டிகோடர்களை மொத்தமாகக் கட்டிக் கொடுக்கும் மூட்டை. பத்து வருடம் முன்பு கடைக்காரர் முதல் காலேஜ் பையன் வரை எல்லோரும் சொன்ன வைத்தியம் அது. விஎல்சி அந்த கோடெக்குகளைத் தொடுவதே இல்லை, அதனால் அதற்காக அவற்றைப் போடுவது வீண் வேலை, இரண்டு மூன்று பேக் போட்டால் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நன்றாக ஓடிய மற்ற வீடியோக்களும் நின்றுவிடும்.

விஎல்சி போட்ட பிறகும் ஒரு தவறு நடக்கிறது. டிஸ்க்குக்குள் போய் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைத் திறந்து, அங்கே இருக்கும் விஓபி கோப்புகளை ஒவ்வொன்றாக டபுள் கிளிக் செய்வது. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபிதான் இருக்கும், படத்தை அப்படித் துண்டு துண்டாகத்தான் எழுதி வைத்திருப்பார்கள், முதலில் இருப்பது பெரும்பாலும் மெனுவின் பின்னணிதான். ஆகவே பத்து நொடி இசை கேட்டுவிட்டு "படமே இல்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். அதற்குப் பதில் விஎல்சியின் மீடியா மெனுவில் ஓபன் டிஸ்க் கொடுங்கள், டிரைவைத் தேர்ந்தெடுங்கள், பிளே. மெனுவிலேயே சிக்கி நின்றால் அதே பெட்டியில் டிஸ்க் மெனு வேண்டாம் என்பதற்கு ஒரு டிக் இருக்கிறது, அதைப் போடுங்கள். படத்தில் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தால் டிஸ்க் பழுது இல்லை, பழைய டிவிக்காக வரி விட்டு வரியாகப் பதிவு செய்த படம் அது, வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் போட்டால் சரியாகிவிடும்.

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பூட்டுள்ள, அதாவது காப்பி எடுக்க முடியாதபடி மறைகுறியாக்கிய டிவிடிகளைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் அதில் முன்கூட்டியே வராது, லிப்டிவிடி-பிகேஜி என்ற தொகுப்பைப் போட்ட பிறகு அதை ரீகன்ஃபிகர் செய்தால்தான் உள்ளே வரும். அந்த இரண்டாவது படியை விட்டுவிட்டுத்தான் பலர் புலம்புகிறார்கள்.

இருப்பதிலேயே மோசமான தவறு மண்டலத்தில்தான், அதாவது ரீஜன் கோடு, எந்த நாடுகளில் ஓடலாம் என்று டிஸ்க்கிலும் டிரைவிலும் குறித்து வைத்திருக்கும் எண். இந்தியாவும் இலங்கையும் 5, அமெரிக்கா, கனடா 1, ஐரோப்பாவின் பெரும்பகுதி 2, சிங்கப்பூர், மலேசியா 3. லண்டனில் இருந்து மாமா பையன் கொண்டு வந்த ஆங்கிலப் படத்தைப் போட்டேன், மண்டலம் பொருந்தவில்லை என்று வந்தது, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து டிவிடி ரீஜன் பக்கத்தில் 2 என்று மாற்றினேன். மறுநாள் இங்கே வாங்கிய ஒரு டிஸ்க்குக்காக மறுபடி 5. அப்புறம் திரும்ப 2. கீழே இன்னும் எத்தனை தடவை மாற்றலாம் என்று சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும், அது 2-க்கு இறங்கிய பிறகுதான் என் கண்ணில் பட்டது. மொத்தமே ஐந்து தடவை. கடைசியாக எதில் நிற்கிறதோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். கணக்கு டிரைவின் சிப்பில் இருப்பதால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் திரும்ப வராது. விஎல்சி பல டிரைவ்களில் மண்டலத்தைக் கண்டுகொள்ளாமலேயே ஓட்டிவிடும், சில லேப்டாப் டிரைவ்கள்தான் பிடிவாதம் பிடிக்கும். அதனால் முதலில் விஎல்சியில் பாருங்கள், அந்தப் பக்கத்தில் கை வைப்பது கடைசி வழி. தமிழ்ப் பட டிவிடிகளில் பல எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக வந்தவை, அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சித்தப்பா கதைக்கு வருவோம். யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று என்னிடம் இருந்தது, கொண்டு போனேன். முதலில் அதுவும் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. அவர் அதைக் கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் எல்லாம் தொங்கும் ஹப்பில் சொருகியிருந்தார், மின்சாரம் போதவில்லை. பின்பக்கப் போர்ட்டில் நேராகச் சொருகியதும் எழுந்துவிட்டது. டிஸ்க்கைச் சித்தி சேலைத் தலைப்பால் வட்டமாகத் துடைக்கப் போனார், பிடுங்கிக்கொண்டேன். நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தரவு ஓடும் தடத்தோடேயே போகும், அதைத் தாண்டிப் படிப்பது டிரைவுக்குக் கஷ்டம்.

ஓடியது. உடனே முழு வீடியோ_டிஎஸ் ஃபோல்டரையும் ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தோம், ஸ்டூடியோவில் எழுதிக் கொடுக்கும் டிஸ்க்கின் சாயப் பூச்சு வருடம் போகப் போக மங்கும், அதை நம்பி இருக்க முடியாது. கல்யாண டிவிடியில் பொதுவாகப் பூட்டு இருக்காது, அதனால் நேராகக் காப்பி ஆகிவிடும். கடையில் வாங்கிய பட டிவிடியை இதே மாதிரி இழுத்துப் போட்டால் காப்பி ஆன மாதிரிதான் தெரியும், ஓட்டினால் கட்டம் கட்டமாக உடைந்து வரும்.

முதல் திரையில் நாதஸ்வரம், சுழலும் இதயத்துக்குள் சித்தப்பாவும் சித்தியும், கீழே "பாகம் 1". பாகம் 2-ஐ சித்தி இன்னும் பரணில் தேடிக்கொண்டிருக்கிறார்.