சாலுரான் முகவராக உட்காருவது எப்படி: காலைப் பெட்டி முதல் போராங் 14 வரை

மலேசியாவின் பினாங்கு மாநிலச் சட்டமன்றத்துக்கு 40 தொகுதிகள். மேலவை கிடையாது, இந்த ஒரே அவைதான். கடைசிப் பொதுத்தேர்தல் 2023 ஆகஸ்ட் 12-ல் நடந்தது, அடுத்த ஆண்டு ஜூலை 6-ல் சுங்கை பாக்காப் இடைத்தேர்தல் வந்தது. பிறையானாலும் பாகான் டாலாமானாலும் ஸ்ரீ டெலிமாவானாலும், எந்தக் கட்சி அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே புலம்பல்தான். கொடி கட்ட ஆள் கிடைக்கும், செராமா என்கிற பிரசாரக் கூட்டத்துக்கு ஆள் சேரும். சாலுரான் எனப்படும் வாக்களிப்பு அறைக்குள் நாள் முழுக்க உட்கார்ந்து கணக்கு எழுத ஆள் கிடைக்காது. அப்படி வேட்பாளரின் முகவராக உட்காரப் பேர் கொடுக்க நினைப்பவர்களுக்காக இது. கட்சி எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

கோலாலம்பூரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தலைநகர் 1974-ல் கூட்டரசுப் பிரதேசம் ஆனதால் அங்கே சட்டமன்றத் தொகுதி எதுவும் இல்லை. நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான் வாக்கு. ஆனால் வேலைக்காகக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்து, வாக்காளர் பதிவு இன்னும் பட்டர்வொர்த்திலோ ஜெலுத்தோங்கிலோ கிடக்கிறவர்கள் ஏராளம். அவர்கள் பினாங்கு வாக்காளர்கள். 2021 டிசம்பர் 15-லிருந்து 18 வயதானவர்கள் தானாகவே பட்டியலில் ஏறிவிடுகிறார்கள். ஏற்கெனவே பதிவானவர் வீடு மாறினால் தொகுதி தானாக மாறுவதில்லை, விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் தளத்தில் ஐசி (அடையாள அட்டை) எண்ணைத் தட்டினால் தொகுதி, பள்ளிக்கூடம், சாலுரான், வரிசை எண் எல்லாம் வரும். முகவராகப் போகிறவர் முதலில் தன் பெயரைத்தான் பார்க்க வேண்டும். பிறையில் வாக்கு வைத்துக்கொண்டு தீவுப் பக்கம் முகவராக உட்கார்ந்தால் தன் வாக்கையே கோட்டை விடுவார். முகவர் என்பதற்காக அஞ்சல் வாக்கு யாரும் தரமாட்டார்கள். வாக்கு இருக்கும் பள்ளியிலேயே பணி கேளுங்கள். கிடைக்காவிட்டால் எந்த நேரத்தில் போய் வாக்களிப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

கடிதம் இரண்டு

வாக்களிப்பு முகவர் வேறு, எண்ணும் முகவர் வேறு. ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்க்கலாம், ஆனால் நியமனக் கடிதம் இரண்டு வேண்டும். காலையிலிருந்து உட்கார்ந்தவர் மாலை கதவைச் சாத்தும் நேரத்தில் எண்ணும் முகவர் கடிதம் இல்லாமல் வெளியே நிற்கிற கூத்து ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கும். கடிதத்தில் வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். பெயரும் ஐசி எண்ணும் மைகாட் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற பெயரோ, தகப்பனார் பெயரைச் சுருக்கியதோ கூடாது. பள்ளியின் பெயரும் சாலுரான் எண்ணும் சரிதானா என்று முந்தின இரவே பாருங்கள். இரகசியம் காக்கும் உறுதிமொழியிலும் கையெழுத்திட வேண்டும். அது இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள்.

சட்டையில் கட்சிச் சின்னம், கட்சி நிறத் தொப்பி, வேட்பாளர் படம் போட்ட விசிறி எதுவும் வேண்டாம். வாக்களிப்பு நாளன்று மையத்தின் 50 மீட்டருக்குள் ஆதரவு கேட்பதே குற்றம். பையில் இருக்க வேண்டியவை: மைகாட், இரண்டு கடிதங்கள், அந்தச் சாலுரானின் வாக்காளர் பட்டியல், மூன்று பேனா, அடிக்கோல், சிறிய நோட்டு, கால்குலேட்டர், தண்ணீர், இரவு வரை தாங்குகிற சாப்பாடு. கைப்பேசியை அணைத்துப் பையில் வைத்துவிடுங்கள், அதனால்தான் தனிக் கால்குலேட்டர். கைக்கடிகாரமும் கட்டிக்கொள்ளுங்கள், நேரம் எழுதாத குறிப்பு பிறகு எதற்கும் உதவாது.

கதவு திறக்கும் முன்

ஒரு பள்ளி ஒரு வாக்களிப்பு மையம். அதன் ஒவ்வொரு வகுப்பறையும் ஒரு சாலுரான். சாலுரான்கள் வயதுப்படி பிரிக்கப்பட்டவை: முதலாவதில் தாத்தா பாட்டிமார், கடைசி எண்ணில் இளசுகள். முதல் சாலுரானில் வரிசை மெதுவாக நகரும், உதவி கேட்பவர் அதிகம். கடைசிச் சாலுரானில் காலையில் ஆளே இருக்காது, மதியத்துக்குமேல் திமுதிமுவென்று வருவார்கள். கட்சி புத்தியோடு ஆள் போட்டால், பொறுமையும் அனுபவமும் உள்ளவரை முதலாவதில் உட்கார வைக்கும்.

அறையின் அதிகாரி கேடிஎம், அதாவது கெத்துவா தெம்பாட் மெங்குண்டி (வாக்களிப்பு இடத் தலைவர்). அவர் சொல்தான் அங்கே சட்டம். வாக்களிப்பு காலை 8 மணிக்கென்றால் 7 மணிக்கே போய்க் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். காலிப் பெட்டியைக் கேடிஎம் முகவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் பூட்டி முத்திரை வைப்பார். தாமதமாகப் போனால் இந்தக் காட்சி போய்விடும். திரும்ப ஒரு முறை காட்டமாட்டார்கள். முத்திரை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை வாக்குச்சீட்டு கைக்கு வந்திருக்கிறது, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று கேடிஎம்மிடம் கேட்டு எழுதுங்கள். அன்றைய கணக்கின் முதல் வரி இதுதான். மாலை 6 மணி அடிக்கும்போது வரிசையில் நிற்பவர்களை எப்படி நடத்துவார் என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். மாலை சத்தத்தில் கேட்டால் அது சண்டையாகிவிடும்.

பட்டியலில் கோடு போடுதல்

முதல் குமாஸ்தா மைகாட்டைப் பார்த்துப் பெயரையும் எண்ணையும் உரக்கப் படிப்பார். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார். மூன்றாமவர் சீட்டைத் தருவார். முகவர் நாற்காலி முதல் குமாஸ்தாவின் குரல் கேட்கிற இடத்தில் இருக்க வேண்டும். கேட்காவிட்டால் கேடிஎம்மிடம் நயமாகச் சொல்லி நகர்த்துங்கள்.

நம் பெயர்கள் குமாஸ்தா வாயில் படும் பாடு தெரிந்ததே. ஒரே சாலுரானில் நாலு லெட்சுமி, மூன்று முனியாண்டி இருப்பார்கள். ஒருவர் மட்டும் தகப்பனார் பெயரால் வேறுபடுவார், அதையும் குமாஸ்தா விழுங்கிவிடுவார். அதனால் பெயரை நம்பாமல் பட்டியலின் வரிசை எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண் காதில் விழுந்ததும் அடிக்கோலை வைத்து அந்த வரியில் ஒரே கோடு. கூடவே நோட்டில் ஐந்தைந்தாகக் கட்டுப் போட்டு மொத்தத்தைத் தனியாக எண்ணி வாருங்கள். அரை மணிக்கு ஒரு தடவை, பட்டியலில் விழுந்த கோடும் நோட்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த அரை மணிக்குள் தேடினால் போதும். மாலையில் தேடினால் நாள் முழுக்கத் தேட வேண்டும். முகவர் மாறும்போது இருவரும் சேர்ந்து மொத்தத்தை எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலான கணக்குத் தவறுகள் முறை மாறும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பிறக்கின்றன.

கோடு போட்ட பட்டியல் அறைக்குள்ளேயே இருக்கட்டும். யார் வந்தார், யார் இன்னும் வரவில்லை என்று வாக்களிப்பு முடியுமுன் வெளியே சொல்லி அனுப்புவது இரகசிய உறுதிமொழியை மீறுவதாகும். கட்சி ஒருங்கிணைப்பாளரே கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் அம்மாவுக்குப் பசிக்குமே என்று கட்சிக் காசில் நாசி லெமாக் பொட்டலம் நீட்டுவதும் வேண்டாம். 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டத்தில் வாக்குக்காக விருந்தளிப்பது ஊழல் குற்றம்.

ஆட்சேபம் எப்போது

சும்மா சும்மா எழுந்து நின்றால் கேடிஎம் காது கொடுக்கமாட்டார். வந்தவர் பட்டியலில் உள்ளவர்தானா என்ற நியாயமான சந்தேகம் இருந்தால், சீட்டு கைக்குப் போகுமுன் கேடிஎம்மிடம் சொல்லுங்கள். பட்டியலில் உள்ளவர் நீங்கள்தானா, இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்தீர்களா என்று அவர் கேட்பார். முகவர் நேரடியாக வாக்காளரிடம் பேசக்கூடாது, அது நம் பக்கத்து வீட்டு அண்ணனாகவே இருந்தாலும் சரி. விரலில் மை இருந்தால் சீட்டு இல்லை. மை வைக்கும் வழக்கம் 2013 தேர்தலில்தான் இங்கே வந்தது. அந்த ஆண்டு அது கழுவினால் போகிறது என்று கிளம்பிய சர்ச்சை பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அதனால் மை வைக்கும் குமாஸ்தா ஒப்புக்குத் தொட்டுவிட்டு விடுகிறாரா என்பதில் ஒரு கண் இருக்கட்டும்.

ஒருவர் வந்து, தன் பெயரில் ஏற்கெனவே கோடு விழுந்திருப்பதைப் பார்க்கிறார் என்றால், அவரைத் திருப்பி அனுப்பும் பேச்சே இல்லை. கேடிஎம்மின் கேள்விகளுக்குப் பதில் சொன்னபின் அவருக்குத் தெண்டர் சீட்டு தரப்படும். அது பெட்டிக்குள் போகாது, தனி உறையில் போகும், அன்றைய எண்ணிக்கையிலும் சேராது. இதைத் தவறாமல் குறித்து வையுங்கள். முதலில் வந்தது யார், குமாஸ்தா வேறு முனியாண்டிக்குக் கோடு போட்டுவிட்டாரா என்பதைச் சோதிக்க உங்கள் பட்டியலும் நேரக் குறிப்பும்தான் உதவும்.

பார்வை மங்கியவர், கை நடுங்குபவர் கேடிஎம்மின் அனுமதியோடு, படிவம் நிரப்பிய துணையோடு போகலாம். ஒரே ஆள் பலருக்குத் துணையாக வந்துகொண்டிருந்தால் கேடிஎம்மின் காதில் போடுங்கள்.

எண்ணிக்கை

வாக்களிப்பு முடிந்ததும் பெட்டி வேறெங்கும் போகாது. அந்த அறையிலேயே எண்ணுவார்கள். எண்ணும் முகவராக உட்கார்ந்துவிட்டால் முடியும்வரை எழுந்து போக முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, கழிப்பறை எல்லாம் அதற்கு முன்.

முதலில் கேடிஎம் சீட்டுக் கணக்கை முடிப்பார்: வந்தது, கொடுத்தது, பாழானது, மிச்சம். இங்கே இரண்டு சொல்லைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாக்காளர் தவறாகக் குறியிட்டுத் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டு வாங்கியிருந்தால் முதல் சீட்டு பாழான சீட்டு. அது பெட்டிக்குள் போகவே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த பிறகு, "செல்லாது" என்று ஒதுக்குவது நிராகரித்த சீட்டு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் கணக்கு உதைக்கும்.

பெட்டியைத் திறந்து சீட்டுகளை விரித்துக் காட்டி எண்ணுவார்கள். ஒவ்வொரு சீட்டையும் நீங்கள் பார்க்க வேண்டும், தொடக்கூடாது. வேகம் அதிகமானால் "துவான், மெதுவாக" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நிராகரிப்பில்தான் வாக்குவாதம் வரும். அதிகாரப்பூர்வ முத்திரை இல்லாத சீட்டு, ஒன்றுக்கு மேற்பட்டவருக்குக் குறியிட்ட சீட்டு, வாக்காளர் யாரென்று காட்டிக்கொடுக்கும் எழுத்தோ கையெழுத்தோ உள்ள சீட்டு, வெற்றுச் சீட்டு ஆகியவை செல்லாது. பெருக்கல் குறிக்குப் பதில் சரிக்குறி போட்டதாலோ, குறி கட்டத்தை விட்டுச் சற்றே வழிந்ததாலோ மட்டும் சீட்டு செல்லாமல் போய்விடாது. யாருக்கு என்ற எண்ணம் தெளிவாக இருந்தால் அது வாக்குதான். எதிராளிக்குச் சாதகமான அப்படிப்பட்ட சீட்டிலும் இதையே சொல்லுங்கள், அப்போதுதான் உங்கள் பக்கச் சீட்டு வரும்போது கேடிஎம் கேட்பார். அவர் முடிவில் உடன்பாடில்லை என்றால் ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொல்லி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். மறுஎண்ணிக்கை வேண்டுமென்றால், முடிவைப் பதிவு செய்யும் போராங் 14 படிவத்தை எழுதுமுன் கேட்க வேண்டும். எழுதியபின் கேட்பது வெறும் புலம்பல்.

போராங் 14-தான் அந்தச் சாலுரானின் முடிவு. கையெழுத்திடுமுன் மூன்று கூட்டல் போடுங்கள். உதாரணமாக, கொடுத்த சீட்டு 412, அதில் பெட்டிக்குள் போடாதது 2 என்றால் பெட்டியில் 410 இருக்க வேண்டும். ஒருவருக்கு 231, மற்றவருக்கு 167, நிராகரித்தது 12, கூட்டினால் 410. உங்கள் பட்டியலில் விழுந்த கோடும் 412 வருகிறதா? ஒன்றிரண்டு உதைத்தால் பெரும்பாலும் காரணம் முகவர் மாறிய நேரமோ பெயர்க் குழப்பமோதான். பத்து இருபது உதைத்தால் கையெழுத்திடாமல், கேடிஎம்மை அங்கேயே விளக்கச் சொல்லுங்கள். கூட்டல் சரியாக இருந்தும் வேட்பாளர் பெயருக்கு எதிரே எண் இடம் மாறி விழுவதுண்டு. வரிக்கு வரி விரல் வைத்துப் படியுங்கள்.

கேடிஎம் கையெழுத்திட்ட பிரதி இல்லாமல் அறையை விட்டு வராதீர்கள். 2018 மே 9 இரவு, போராங் 14-ல் கையெழுத்திட மறுக்கிறார்கள் என்ற புகார் நாட்டையே உலுக்கியது. கையெழுத்தில்லாத தாளை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். தொகுதி, பள்ளி, சாலுரான் எண் மூன்றும் தாளில் இருக்கிறதா என்று பார்த்து, வெளியே வந்தவுடன் கைப்பேசியைத் திறந்து படமெடுத்துக் கட்சியின் கூட்டல் குழுவுக்கு அனுப்புங்கள். தாளை நேரில் ஒப்படையுங்கள். அதிகாரப்பூர்வக் கூட்டல் மையத்தில் ஒரு சாலுரானின் எண் தவறாக ஏறினால் அதை மறுக்க இந்தத் தாள் ஒன்றுதான் ஆயுதம். சாலுரான் வயதுப்படி பிரிந்திருப்பதால், இளைஞர் யாருக்குப் போட்டார், முதியவர் யாருக்குப் போட்டார் என்பதையும் கட்சி இதிலிருந்தே படித்துக்கொள்ளும்.

உங்கள் நோட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். முடிவு அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். மனு வந்தால், எத்தனை மணிக்கு எந்தச் சீட்டுக்கு ஆட்சேபம் சொன்னீர்கள் என்று வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.