பிஐ ஆலோசகரைத் தெரிவு செய்யுமுன் உங்கள் ஒரு மாதக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்

பிஐ ஆலோசகர் என்பவர் உங்கள் விற்பனை, இருப்புத் தரவை அறிக்கையாகவும் படமாகவும் ஆக்கித் தருபவர். அவர் திரையில் காட்டும் படத் தொகுப்பான டாஷ்போர்ட்டைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்யாதீர்கள். விற்க வருபவர் காட்டும் மாதிரித் தரவு கழுவித் துடைத்தது, அதில் யார் படம் போட்டாலும் அழகாகத்தான் வரும். யாழ்ப்பாணத்தில் இரண்டு மூன்று கிளை வைத்திருக்கும் மொத்த வியாபாரியின் தரவு அப்படி இருக்காது. வெங்காயம் அந்தர் என்ற பழைய நிறையில் வாங்கி கிலோவில் விற்றிருக்கும். கடனில் பாதி இன்னும் கொப்பியில் கிடக்கும். ஒரே சாமான் மூன்று பெயரில் பதிவாகியிருக்கும். இதற்குள் கை வைக்கத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டும்.

ஆட்களைக் கூப்பிடுமுன் ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதுங்கள். ‘விற்பனை அறிக்கை வேண்டும்’ என்பது கேள்வியல்ல. ‘90 நாளாக அசையாத சாமானில் எவ்வளவு காசு முடங்கியிருக்கிறது?’, ‘சுன்னாகம் கிளையில் விற்பனை கூடியும் இலாபம் ஏன் ஏறவில்லை?’, இவை கேள்விகள். இதைக் கேட்டதும் மென்பொருளின் பெயரைச் சொல்லத் தொடங்குபவரைவிட, திரும்பி வந்த சாமானை எங்கே எழுதுகிறீர்கள் என்று கேட்பவரிடம் பேச்சைத் தொடருங்கள்.

பிறகு சோதனை. கணக்காளர் ஏற்கெனவே முடித்துவிட்ட ஒரு மாதத்தை எடுங்கள். அந்த மாதத்தின் பில், கொள்வனவு, இருப்பு எல்லாவற்றையும் திருத்தாமல் அப்படியே இரண்டு பேரிடம் கொடுங்கள். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு ஒரு குறியீட்டு எண் போடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதில் அசட்டை கூடாது. இரண்டு வாரத் தவணை போதும். கூலி கொடுத்தே செய்விக்க வேண்டும். சும்மா செய்து தரச் சொன்னால் பயிற்சிக்கு வந்த பொடியனிடம்தான் வேலை போகும்.

தேறினாரா என்று பார்ப்பது எளிது. அவர் காட்டும் மொத்த விற்பனை கணக்காளரின் எண்ணோடு ரூபாய்க்கு ரூபாய் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஏன் என்று எழுத்தில் வர வேண்டும். வித்தியாசம் பெரும்பாலும் இரத்தான பில், திரும்பிய சாமான், வற் வரி என்ற மூன்றில் ஒன்றுதான். வற் 2022 மே வரை 8 வீதம், அந்த ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரி முதல் 18. வரியோடு சேர்ந்த தொகையை வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டால் விற்காத சாமானும் விற்றதுபோல் தெரியும்.

பழைய மென்பொருளில் சாமான் பெயர்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தால் அதுவே நல்ல பரீட்சை. மைக்ரோசொப்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐயில் திறந்ததும் பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். ஒருவர் எக்செலில் உட்கார்ந்து கையால் மாற்றித் தருவார், அடுத்த மாதமும் அதே வேலை. மற்றவர் தரவு உள்ளே வரும் படியிலேயே எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடாகத் தானாக மாற வைப்பார். இரண்டாமவரை எடுங்கள்.

இன்னொரு கேள்வி: ‘இந்த ஓகஸ்ட்டைப் போன ஓகஸ்ட்டோடு எப்படி ஒப்பிடுவீர்கள்?’ நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆனால் ஆங்கில மாதத்துக்குக் கட்டுப்படாது. தேர் 2023இல் செப்டம்பர் 13, 2024இல் செப்டம்பர் 1, 2025இல் ஓகஸ்ட் 21. மாதத்தை மாதத்தோடு வைத்தால் 2024 ஓகஸ்ட்டில் வியாபாரம் பாய்ந்தது போலவும் செப்டம்பரில் விழுந்தது போலவும் படம் வரும். நடந்தது திருவிழா முன்னால் வந்தது மட்டும். தெரிந்தவர் தனியாக ஒரு நாட்காட்டி அட்டவணை போட்டு, கொடியேற்றத்திலிருந்து எத்தனையாம் நாள் என்று ஒரு நிரல் வைப்பார். தீபாவளிக்கும் அப்படியே.

கொழும்பு நிறுவனமா, உள்ளூர்ப் பொடியளா என்பது பெரிய விஷயமில்லை. கொழும்பென்றால் பயணச் செலவும் தங்குமிடமும் கொட்டேசனில் தனி வரியாக இருக்கட்டும்.

செலவில் பார்க்க வேண்டியது மாதாமாதம் போகும் காசு. பவர் பிஐ டெஸ்க்டொப் இலவசம். மற்றவர்களோடு பகிர ஆளுக்கொரு புரோ லைசன்ஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் அதன் விலை மாதம் 10 டொலரிலிருந்து 14 ஆனது. பத்துப் பேருக்கு வாங்கச் சொன்னால், அவர்களில் எத்தனை பேர் உண்மையில் திறப்பார்கள் என்று கேளுங்கள். பலருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎப் போதும்.

தகராறு வருவது பவர் பிஐ கணக்கின் சொந்தக்காரர் யார் என்பதில். கடைக் கணினியில் இருக்கும் தரவை இணையத்தில் உள்ள பவர் பிஐக்கு அனுப்ப கேட்வே என்ற மென்பொருள் போடுவார்கள். அதை ஆலோசகர் தன் மின்னஞ்சலில் பதிந்துவிட்டால் அவர் விலகும் நாளில் உங்கள் அறிக்கையும் நிற்கும். கேட்வேயும் பவர் பிஐ கணக்கும் உங்கள் நிறுவன மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கேட்வேயை வேறு கணினியில் திரும்ப நிறுவக் கேட்கும் மீட்புச் சாவி என்ற கடவுச்சொல் உறையில் போட்டு உங்கள் அலுமாரியில் இருக்க வேண்டும். அறிக்கையின் மூலக் கோப்பான பிபிஐஎக்ஸ் கோப்பின் பிரதியும் உங்களிடம் வர வேண்டும். மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கேட்வே ஓடும் கணினி மின்சாரம் போய் வந்ததும் தானாக எழும்ப வேண்டும். தரவுப் புதுப்பிப்பு தொடர்ந்து நான்கு முறை தவறினால் பவர் பிஐ அந்தப் புதுப்பிப்பு நேர அட்டவணையையே நிறுத்திவிடும், பிறகு யாராவது கையால் திறந்துவிட வேண்டும்.

மொத்தக் கூலியில் ஐந்தில் ஒரு பங்கையாவது கடைசித் தவணையாகப் பிடித்து வையுங்கள். ஆலோசகர் இல்லாத ஒரு நாளில் அந்தக் கணினியின் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். உங்கள் ஆளே ஒரு புதிய சாமானைப் பதிந்து ஒரு பில் அடிக்கட்டும். மறுநாள் காலை அந்தப் பில் அறிக்கையில் வந்திருந்தால் காசோலையில் கையெழுத்துப் போடலாம்.